நான் செய்த எச்ஓ அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) கூட்ஸ் வேகன் நேரில் நன்றாக இருக்கிறது. போனில் படம் எடுத்தால் மட்டும் ஏன் பொம்மை போலத் தெரிகிறது?

உங்கள் வேகனில் குறை இருக்குமென்று நான் நினைக்கவில்லை. போன் நின்ற உயரத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். எனக்கும் இதேதான் நடந்தது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் என் அப்பா.

நாங்கள் தண்டையார்பேட்டைக்காரர்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் கொருக்குப்பேட்டை கேட் அநேகமாகச் சாத்தியே இருக்கும். அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடி கூட்ஸ் வண்டியின் வேகன்களை ஒவ்வொன்றாக எண்ணுவேன். 58 எண்ணி முடித்து, கடைசியில் கார்டு பெட்டி ஆடிக்கொண்டே போனதும் அப்பா பெடலை மிதிப்பார். பல வருஷம் கழித்து அதே வேகனை, பாக்ஸ்என் என்கிற மேல் திறந்த நிலக்கரி வேகனை, 1:87 அளவில் மூன்று மாதம் உட்கார்ந்து செய்து, மேஜை மேல் வைத்துப் படம் எடுத்து அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "எந்த மாடியிலேருந்து எடுத்தே?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். போனை மேஜையில் நிமிர்த்தி வைத்தால் லென்ஸ் மேஜைப் பரப்பிலிருந்து சுமார் 14 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதை 87-ஆல் பெருக்கினால் 12 மீட்டர். நாலு மாடி உயரம்! கேட்டில் நிற்கும் மனிதனின் கண் 1.6 மீட்டரில் இருக்கிறது; மாடல் உலகத்தில் அது 18 மில்லிமீட்டர்தான். பிளாட்பாரத்தில் நிற்பவர் என்றால் பிளாட்பாரத்தின் 84 சென்டிமீட்டரையும் சேர்த்து 28 மில்லிமீட்டர். நம் வாழ்க்கையில் கூட்ஸ் வண்டியை நாலாவது மாடியிலிருந்து எத்தனை முறை பார்த்திருப்போம்? அதனால்தான் படத்தைப் பார்த்ததும் மனசு பொம்மை என்று சொல்லிவிடுகிறது.

வழி மிக எளிது. போனைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். லென்ஸ் மேஜையை ஒட்டி இறங்கிவிடும். வேகனின் பக்கச்சுவர் எழுந்து நின்று வானத்தை மறைக்கும். நான் சைக்கிள் கேரியரிலிருந்து பார்த்த வேகன் அதுதான்.

அடுத்த சிக்கல் ஃபோகஸ். மிக அருகில் போனால் முன்சக்கரம் மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் மங்கிவிடும். அந்த மங்கலும் பொம்மை என்று காட்டிக்கொடுக்கும். 30, 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்து எடுத்து, பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். போனை அசைக்காமல் முன்போகி (போகி என்றால் வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), நடு உடம்பு, பின்போகி என்று ஃபோகஸை மாற்றி மாற்றி ஐந்தாறு படம் எடுத்து ஒன்றாக அடுக்குவது இன்னும் நல்லது. அதைச் செய்ய இலவச மென்பொருளே இருக்கிறது. பெரிய கேமரா வைத்திருந்தால் எஃப் 16-க்கு மேல் போக வேண்டாம். லென்ஸின் துவாரம் ரொம்பச் சிறுத்தால் அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவிப் படம் முழுவதும் மென்மையாகிவிடும்.

வெளிச்சத்துக்கு மொட்டை மாடியை விடச் சிறந்த இடம் நான் பார்த்ததில்லை. காலை ஏழிலிருந்து எட்டு மணி, இல்லையென்றால் சாயங்காலம் நாலரைக்கு மேல். சரிந்து விழும் வெயிலில் பக்கச்சுவரின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனி நிழல் போடும். உச்சி வெயிலில் எடுத்தால் வேகனின் அடிப்பகுதி கறுப்பாக அடைத்துக்கொள்ளும். வேறு நேரமே கிடைக்காவிட்டால் கேமரா பக்கம் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தைத் திருப்பி விடுங்கள். மே மாதத்தில் மட்டும் எடுத்த கையோடு வேகனை உள்ளே கொண்டுபோய்விடுங்கள். ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் (பிளாஸ்டிக் தகடு) சுவர் அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அதை நிமிர்த்தவே முடியவில்லை. புதிதாக வெட்டி ஒட்டினேன்.

இந்தக் கண் உயரத்தைப் பிடித்த பிறகு என் கட்டுமான முறையே மாறிவிட்டது. பாக்ஸ்என்னின் உயரம் 3.2 மீட்டருக்குச் சற்று மேல். பிளாட்பாரத்தில் நிற்பவரின் கண்ணைவிட உயரம். ஆகவே வேகனின் உட்புறம் அவருக்குத் தெரியாது. உள்ளே கம்பி ஒட்டிச் செலவழித்த வாரங்களை இப்போது போகிக்குக் கொடுக்கிறேன், ஏனென்றால் இந்த உயரத்தில் போகிதான் முகத்துக்கு நேரே வரும். நம் வேகன்களுக்கு வரும் காஸ்நப் போகி அமெரிக்க வார்ப்பு எஃகு போகியின் வம்சம் என்பதால் பலர் அமெரிக்க எச்ஓ போகியையே வாங்கி மாட்டுகிறார்கள். தூரத்திலிருந்து ஏமாற்றலாம். ஆனால் நம் சக்கரம் புதிதில் 1000 மில்லிமீட்டர் விட்டம், அதாவது எச்ஓவில் 11.5, அமெரிக்க 36 அங்குலச் சக்கரம் 10.5 தான். அச்சு இடைவெளி நமக்கு 2000, எச்ஓவில் 23. அவர்களுடையதில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் குறையும். தாழ்வான கோணத்தில் இது பளிச்சென்று தெரியும். போகியின் பக்கச் சட்டத்தை நடுவில் அறுத்து, இடையில் ஸ்டைரீன் துண்டு வைத்து நீட்டிக்கொள்கிறேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் நான் அதிகம் விரும்பிச் செய்வதும் இதுதான்.

தண்டவாளத்தைப் பற்றி உங்களுக்கும் உறுத்தல் இருக்கும். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடையில் கிடைக்கும் எச்ஓ பாதையோ 16.5, ஏனென்றால் அது 1435 மில்லிமீட்டர் பாதைக்காக வந்தது. நேர் எதிரிலிருந்து எடுத்தால் வேகன் கால்களை ஒட்டி வைத்து நிற்பது போலிருக்கும். பக்கவாட்டிலோ சாய்வாகவோ எடுத்தால் யாருக்கும் தெரியாது. பாதையை மாற்றுவதற்குப் பதில் நான் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டேன்.

பெயின்ட் விஷயத்தில் சென்னைக்காரருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் மேட் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும்.  மழைக்காலத்தில் வெட்டுகிற, ஒட்டுகிற வேலை. பொங்கலுக்குப் பிறகு பெயின்ட். இதுதான் என் வருஷக் கணக்கு. ஹார்ட்வேர் கடையில் விற்கும் ரெட் ஆக்சைடு பிரைமரே அடிநிறத்துக்கு மிக நெருக்கமாக வருகிறது. அதன் மேல் பேஸ்டல் சாக்குப் பொடியைத் தூரிகையால் தேய்த்தால் துரு.

விளிம்புக்கு மேல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் நிலக்கரிக் குவியல் மட்டும் கட்டாயம் வேண்டும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு பிடி கரி வாங்கி, நசுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, தண்ணீர் கலந்த பெவிகாலில் ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டு ஒட்டுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை கரியின் மேல் முத்து முத்தாக நிற்கும், உள்ளே இறங்காது. அந்தக் குவியலுக்கு அடியில்தான் எடையை ஒளிக்கிறேன். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ எச்ஓ வண்டிக்கு 1 அவுன்ஸும், நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும் என்று கணக்கு வைத்திருக்கிறது. பாக்ஸ்என்னுக்கு அது ஏறத்தாழ 90 கிராம். காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கிப் போடுகிறேன். ஈயத்தைத் தொட்டால் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

வேகன் எண்ணையும் சும்மா எழுதிவிடாதீர்கள். நம் 11 இலக்க எண்ணில் முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அடுத்த இரண்டு கட்டிய வருஷம், பிறகு நான்கு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். இரட்டை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். 2206081234 என்று வைத்துக்கொண்டால் 66-ம் 6-ம் 72. 80-க்கு 8 குறைகிறது, எனவே 8. படத்தைப் பெரிதாக்கி எண்ணைக் கூட்டிப் பார்க்கும் ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஒரிஜினலைப் பார்க்க யார்டுக்குள் மட்டும் போகாதீர்கள். அத்துமீறல் குற்றம், உயிருக்கும் ஆபத்து. எண்ணூர் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழியெல்லாம் வேகன்கள் நிற்கும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

முழு ரேக்கையும் (ஒரு கூட்ஸ் வண்டியின் எல்லா வேகன்களையும்) செய்யும் ஆசை எனக்கும் இருந்தது. இணைப்புக் கொக்கியான கப்ளரோடு சேர்த்து ஒரு வேகன் 10.7 மீட்டர், எச்ஓவில் 123 மில்லிமீட்டர். 58 வேகன் என்றால் 7 மீட்டரைத் தாண்டும். எங்கள் வீட்டில் அவ்வளவு நீளச் சுவர் கிடையாது. ஐந்து செய்திருக்கிறேன். படத்தின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு வேகன் பாதியில் வெட்டுப்படும்படி வைத்து, 18 மில்லிமீட்டர் உயரத்தில் போனைத் தலைகீழாகச் சாய்த்து எடுக்கிறேன். மீதி 53 கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது.