ஃப்ராசின்யுக் யார் என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது யாரோ ஃப்ராசின்யுக் என்ற பெயரை எடுக்க, டீமின் இரண்டு சீனியர்கள் முகம் சிவக்கச் சண்டை போட்டார்கள். ‘யார் அவர்?’ என்று நீங்கள் கேட்டதும் மேசையே அமைதியாகிவிட்டது. தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்கிறீர்கள். தப்பே இல்லை. வந்த புதிதில் நானும் இப்படித்தான் விழித்தேன்.

எனக்கு இந்த ஊரில் 11 வருஷம். முதல் டிசம்பர், 13ஆம் தேதி ராத்திரி, எதிர் வீட்டு ஜன்னலில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. கார்த்திகை மாதிரி இருக்கிறதே என்று மறுநாள் லிஃப்டில் அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எனக்குப் புரிந்த போலிஷ் பாதி, அவர் கையசைவு பாதி: 1981, அதே தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் டிவியைப் போட்டால் குழந்தைகள் நிகழ்ச்சி வரவில்லை. அப்போது நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவ உடுப்பில் பேசுகிறார். போன் செத்துக் கிடக்கிறது. தெருவில் பனி, பனிமேல் டாங்கி. ராணுவச் சட்டம். “அன்றைக்கு எங்கள் டெப்போ பையன் ரயிலில் வந்துகொண்டிருந்தான்” என்றார். அந்தப் பையன்தான் வ்வாதிஸ்வாஃப் ஃப்ராசின்யுக்.

1954இல் இதே ஊரில் பிறந்தவர். நகரப் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவர், மெக்கானிக். 1980 ஆகஸ்ட் 26 அன்று க்தான்ஸ்க் கப்பல் தளத் தொழிலாளர்களுக்கு ஆதரவாகக் கிராபிஷின்ஸ்கா தெரு டெப்போவில் பஸ்கள் நின்றன. அந்த வேலைநிறுத்தத்தில்தான் அவர் வெளியே தெரிந்தார். அடுத்த வருஷமே, 26 வயதில், கம்யூனிஸ்ட் அரசின் பிடிக்கு வெளியே எழுந்த தொழிற்சங்கமான சாலிடாரிட்டிக்கு, இந்த ஊரைச் சுற்றிய லோயர் சிலேசியா பகுதியின் தலைவர். ராணுவச் சட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் இவர்கள் கிளை தன் வங்கிக் கணக்கிலிருந்து 8 கோடி ஸ்வோட்டியை (போலந்துப் பணம்) எடுத்துப் பேராயர் வீட்டில் ஒளித்து வைத்தது. அரசு கணக்கை முடக்கியபோது உள்ளே பணமில்லை! இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் ஊரில் எல்லாக் கட்சிக்காரர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ராணுவச் சட்டம் வந்த அந்த ராத்திரி, ரயில்வேக்காரர்கள் விஷயத்தைக் காதில் போட்டுவிட்டதால், ஸ்டேஷன் வருவதற்கு முன்பே ரயிலிலிருந்து இறங்கி மறைந்துவிட்டார். 1982 அக்டோபர் 5 வரை தலைமறைவு. அப்புறம் ஆறு வருஷத் தண்டனை, 1984 பொது மன்னிப்பு, 1985இல் மறுபடி கைது, 1986இல் விடுதலை.

சண்டையின் வேர் இங்கேதான். சண்டை போடுகிறவர்களில் ஒருவர் பழைய கம்யூனிஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் ஒரே சாலிடாரிட்டி கொடியின் கீழ் நின்ற குடும்பங்களாக இருக்கலாம். ஒரே இயக்கத்திலிருந்து பிரிந்தவர்களின் பகை எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1982 ஜூனில் இதே ஊர் பாலிடெக்னிக்கின் விரிவுரையாளர் கோர்னெல் மொராவியெட்ஸ்கி, ஃப்ராசின்யுக் பக்கம் ரொம்பவும் தயங்குகிறது என்று பிரிந்து ‘போராடும் சாலிடாரிட்டி’யைத் தொடங்கினார். 1989இல் கம்யூனிஸ்ட் அரசோடு சாலிடாரிட்டி நடத்திய வட்டமேசைப் பேச்சில் ஃப்ராசின்யுக் உட்கார்ந்தார். கோர்னெல் அதைத் துரோகம் என்றார். ஃப்ராசின்யுக் 1991 முதல் 2001 வரை எம்.பி.யாக இருந்தார். பிறகு சுதந்திர ஒன்றியம் என்ற கட்சிக்குத் தலைவரானார், ஆனால் அதற்குள் கட்சி, நாடாளுமன்றத்துக்குள் போகத் தேவையான 5% வாக்கு என்ற வாசல்படியைத் தாண்ட முடியாமல் தேய்ந்துவிட்டது. பெயர் மாற்றிப் பார்த்தும் எழவில்லை. லாரிக் கம்பெனி முதலாளியாகத் தொழிலைப் பார்த்தார்.

2017 ஜூனில் தலைநகர் வார்சாவில் அப்போதைய ஆளுங்கட்சியின் ஊர்வலத்தை மறித்து உட்கார்ந்தார். போலீஸ் பெயர் கேட்டபோது ‘யான் யூசெஃப் க்ஷிப்’ என்று பொய்ப் பெயர் சொன்னார். க்ஷிப் என்றால் காளான். அந்த டிசம்பரில் அதே ஆளுங்கட்சியின் பிரதமரானவர் கோர்னெலின் மகன் மத்தேயுஷ். ஊர்வலத்தை மறித்த வழக்கில் 2018 பிப்ரவரி 14 விடிகாலையில் ஃப்ராசின்யுக்கை வீட்டிலிருந்து கைவிலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள். லிஃப்ட் பெரியவர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

உங்கள் சீனியர்கள் அநேகமாக 2021 ஆகஸ்ட் பேச்சை வைத்து மோதியிருப்பார்கள். பெலாரஸ் எல்லையில் அகதிகளை மறித்து நின்ற சிப்பாய்களை, டிவியில் நாய்க்கூட்டம் என்று சொல்லிவிட்டார். வழக்கும் வந்தது. அவர்மேல் எனக்கு மரியாதை அதிகம். அந்த வார்த்தை மட்டும் ஒப்பவில்லை. கட்டளைக்கு நிற்கிற இருபது வயதுப் பையன்கள் அவர்கள். ஆனால் அன்று காட்டில் கிடந்தவர்களையும் நினைத்துப் பார்க்கிறேன். விசா ஒட்டிய பாஸ்போர்ட் இருந்ததால்தானே நீங்களும் நானும் ஏர்போர்ட் வழியாக வந்தோம்.

சரி, ஆபீஸில் என்ன செய்வது? யார் சரி என்று மட்டும் கேட்காதீர்கள். ஐம்பதைத் தாண்டியவரிடம் ‘அந்த டிசம்பரில் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். காபி ஆறும்வரை பேசுவார். ஃப்ராசின்யுக்கைத் திட்டுகிறவரும் பேசுவார். முப்பதுக்குக் கீழே இருப்பவர்களிடம் இதெல்லாம் வேண்டாம், கால்பந்து போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிராம் பிடித்துக் கிராபிஷின்ஸ்கா 184க்குப் போங்கள். அந்தப் பழைய டெப்போதான் 2016 முதல் வரலாற்று மையம். பெரியவரோடு நானும் ஒருமுறை போனேன். கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டை நீட்ட, அவர் வாங்காமல் நின்று, எந்த மூலையில் தன் பஸ் நிற்கும் என்பதை முதலில் அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.