நன்றிப் பட்டியலில் போன பெயர்

கேள்வி: கொழும்பில் ஒரு சிறிய பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறேன். கடந்த மாதம் லயனல் வென்ட் அரங்கில் நாங்கள் பாடியவற்றுள் இரண்டு, வீடியோ கேம் இசை. ஒன்று பழைய நின்டெண்டோ விளையாட்டின் மெட்டு. அதை நான்கு குரல்களுக்கு எழுதியவர் எங்கள் குழுவில் டெனர் பாடும் 19 வயதுத் தம்பி. மற்றையது இணையத்தில் எடுத்தது. எழுதியவர் புனைபெயர் மட்டும் போட்டிருந்தார். நிகழ்ச்சி நிரலில் விளையாட்டின் பெயரும் ஜப்பானிய இசையமைப்பாளரின் பெயரும் குழுவை நடத்தும் எங்கள் சேரின் பெயரும் இருந்தன. தம்பியின் பெயர் கடைசிப் பக்க நன்றிப் பட்டியலில், ஒலிபெருக்கி தந்தவருக்கும் சிற்றுண்டி தந்தவருக்கும் இடையில் இருந்தது. புனைபெயர்க்காரர் எங்குமே இல்லை. சேரிடம் கேட்டேன். "மெட்டு இன்னொருவருடையது, இவன் குரல்களைப் பிரித்துத்தானே தந்தான்" என்றார். டிசம்பரில் மீண்டும் பாடுகிறோம். இதை நான் மறுபடி கிளப்பினால் மரியாதைக் குறைவாகுமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள தங்கைக்கு, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த நன்றிப் பட்டியல். நன்றி என்பது உதவியவருக்குச் சொல்வது. ஒலிபெருக்கியை வேறொருவரிடம் வாங்கியிருந்தாலும் நீங்கள் அன்று பாடியது அதே பாட்டாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தம்பிக்குப் பதிலாக வேறொருவர் எழுதியிருந்தால் நீங்கள் பாடியதே வேறாக இருந்திருக்கும். ஆகவே அவர் பெயர் உபசார வார்த்தைகளோடு சேர்வதன்று. மேடையில் பாடப்பட்டது எது என்பதைச் சபைக்குச் சொல்லும் விபரத்தில் ஒரு பகுதி. அது பாட்டின் தலைப்புக்குக் கீழே, இசையமைப்பாளரின் பெயருக்கு அடுத்த வரியில் இருக்க வேண்டியது.

சேரின் சொல்லில், நான்கு குரல்களும் மூலத்தில் முன்பே இருந்தன, அவற்றைப் பங்கிடுவதே வேலை என்ற எண்ணம் தெரிகிறது. பழைய நின்டெண்டோ இயந்திரத்தின் ஒலிச் சில்லில் இருந்தவை 5 தடங்கள் மட்டுமே. அவற்றுள் மூன்றுதான் பெரும்பாலும் சுரங்களை ஒலித்தன. மற்ற இரண்டும் தாள ஓசைகளுக்கும் சிறிய ஒலிப்பதிவுத் துண்டுகளுக்கும் போய்விடும். அப்படியிருக்க, நான்காவது குரல் என்ன பாட வேண்டும் என்பது மூலத்தில் எங்கே இருக்கிறது? சேர்ந்தொலிக்க வேண்டிய சுரங்களுக்குத் தடங்கள் போதாதபோது, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மின்னல் வேகத்தில் ஓட்டிக் காதை ஏமாற்றுவது அக்கால இசையமைப்பாளர்கள் கையாண்ட உத்தி. அந்த ஓட்டத்தை உச்சக் குரல் பாடும் எந்தச் சொப்ரானோவாலும் அப்படியே பாட முடியாது என்பதால், எழுதுபவர் அதை விரித்து, நின்று ஒலிக்கும் சுரங்களாக நான்கு குரல்களுக்கும் புதிதாக வகுக்க வேண்டும். இயந்திரத்துக்கு மூச்சு வாங்காது, உங்களுக்கு வாங்கும். எந்தக் குரல் எங்கே மூச்செடுப்பது, அப்போது எது தாங்கிப் பிடிப்பது என்பதையும் அவரே தீர்மானித்திருப்பார். சொல்லே இல்லாத மெட்டுக்கு 'ஆ' பொருந்துமா, 'தூ' பொருந்துமா, வாய் மூடிய 'ம்' பொருந்துமா என்பதும் அவருடைய முடிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாட்டு மெட்டு பெரும்பாலும் முடிவதில்லை, சுழன்றுகொண்டே இருக்கும். நீங்கள் பாடிய பாட்டு எங்கோ ஓரிடத்தில் முடிந்து, சபை கைதட்டியதல்லவா? அந்த முடிவை எழுதியவர் யார் என்று சேரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

நம் இசைமரபுக்கு இது புதிய பேச்சும் அன்று. திருப்பாவை ஆண்டாளுடையது, இன்று கச்சேரிகளில் பரவலாகக் கேட்கும் மெட்டு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் அமைத்தது. அவர் பெயரைச் சொல்வதால் ஆண்டாளுக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. அங்கே மெட்டே புதிது, இங்கே மெட்டு பழையது, அதைச் சூழ்ந்து நிற்பது புதிது என்ற வேறுபாடு உண்டு என்பதை மறைக்க மாட்டேன்; ஆனால் இரண்டு பெயர்களையும் போட வேண்டியிருப்பதற்கு அந்த வேறுபாடே காரணம்.

வீடியோ கேம் இசைக்குக் கிடைத்த முதல் கிராமி விருதே ஒழுங்கமைப்புக்கான, அதாவது ஒரு மெட்டைக் குரல்களுக்கோ வாத்தியங்களுக்கோ வகுத்து எழுதும் 'அரேஞ்ச்மென்ட்' வேலைக்கான, பிரிவில்தான் கிடைத்தது. 'சிவிலைசேஷன் 4' விளையாட்டுக்காகக் கிறிஸ்தோபர் டின் சுவாகிலி மொழியில் அமைத்த 'பாபா யேத்து' என்ற குழுப்பாடல் 2011இல் அதைப் பெற்றது. அங்கே இசையமைத்தவரும் ஒழுங்கமைத்தவரும் ஒருவரே என்று சேர் மறுக்கக் கூடும். அப்படியானால் 2022ஐச் சொல்லுங்கள்: 1996இல் வெளிவந்த 'கேர்பி சூப்பர் ஸ்டார்' விளையாட்டின் மெட்டு ஒன்றை வாத்தியக் குழுவுக்காக மாற்றி எழுதிய சார்லி ரோசனும் ஜேக் சில்வர்மனும் கிராமி பெற்றார்கள். மெட்டு அவர்களுடையதன்று, பரிசு அவர்களுடையது.

சட்டமும் தம்பியின் பக்கமே நிற்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 7ஆம் பிரிவில், இசை ஒழுங்கமைப்பையும் ஒரு படைப்பாகவே பாதுகாக்கிறது. 10ஆம் பிரிவில், படைப்பு பொதுவில் பயன்படும்போது இயன்றவரை தன் பெயர் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும் என்ற தார்மிக உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. புனைபெயரைப் பயன்படுத்தும் உரிமையும் அதே பிரிவில் உண்டு. ஆகவே "உண்மைப் பெயர் தெரியாததால் போடவில்லை" என்பது சாக்காகாது. அவர் எந்தப் பெயரைத் தாளில் இட்டாரோ அதையே அச்சிடுங்கள்.

இங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மெட்டை ஒழுங்கமைப்பதற்கும் பொதுமேடையில் பாடுவதற்கும் அனுமதி தரும் உரிமை மூலத்தின் உரிமையாளருக்கே உண்டு. விளையாட்டு இசையில் அது பெரும்பாலும் நிறுவனத்தின் கையில் இருக்கும். எல்லார் பெயரையும் ஒழுங்காகப் போட்டுவிட்டால் அனுமதி பெற்றதாக ஆகிவிடாது. டிசம்பருக்கு முன்னரே நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். இணையத்தில் எடுத்ததற்கு அந்தப் புனைபெயர்க்காரருக்கும் ஒரு மடல் அனுப்புங்கள். கொழும்பில் தன் எழுத்தைப் பாடினார்கள் என்று கேள்விப்பட்டால் அவர் மகிழ்ந்துபோகவும் கூடும்.

இனி, மரியாதை. நடந்ததைப் பற்றி ஒத்திகையில் எல்லாருக்கும் முன்னால் பேசினால் சேருக்கு மனம் நோகும், அதைச் செய்யாதீர்கள். நிரல் அச்சகத்துக்குப் போவதற்கு முன்பு, 'இசை' என்றொரு வரியும் 'குரலமைப்பு' என்று அடுத்த வரியுமாக ஒரு மாதிரித் தாளை எழுதிக் கொண்டுபோய், "சேர், இந்த முறை இப்படிப் போடுவோமா?" என்று கேளுங்கள். 'குரலமைப்பு' என்று நான் சொல்வதற்கும் காரணம் உண்டு. 'அரேஞ்ச்மென்ட்' என்பதற்கு நம்மிடையே நிலைத்த சொல் இல்லை. 'ஒழுங்கமைப்பு' என்று மட்டும் போட்டால் கதிரை அடுக்கியவர் என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். கடந்த மாதப் பாட்டின் காணொளி இணையத்தில் இருந்தால், அதன் விபரக் குறிப்பில் பெயர்களைச் சேர்க்க டிசம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பு தம்பியிடம் பேசுங்கள். அவர் என்ன விரும்புகிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முழுப் பெயரா, புனைபெயரா என்பதைக் கேட்டு, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அதை எப்படி எழுத வேண்டும் என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் நிரல்களில் பிழை புகும் இடம் அதுதான்.