வாய்ஸ் மெசேஜ் வந்தப்புறம் புள்ளைங்களுக்கு எழுதப் படிக்கறதே மறந்துருமா?

கேள்வி: எட்டாவது படிக்கிற என் பொண்ணு தமிழ் நல்லா பேசுவா. ஆனா டைப் பண்றது இங்கிலீஷ் எழுத்துல, இல்லன்னா வாய்ஸ். இப்படியே போனா தமிழ் எழுத்து சுத்தமா போயிருமா? யாராவது அனுபவம் இருந்தா சொல்லுங்க.

பதில்:

ரெண்டு நாளா இந்தக் கேள்விய பாத்துட்டு தாண்டிப் போய்ட்டே இருந்தேன், இன்னிக்கு முடியல. நீங்களும் என்ன மாதிரி வெளியூர்ல பொழப்புக்குப் போய் உக்காந்தவராதான் இருப்பீங்க, ஊருக்குள்ளயே இருக்கறவங்களுக்கு இந்தக் கவலை இவ்ளோ சீக்கிரம் வராது. நான் பெங்களூர் பீன்யால ஒரு மெஷின் ஷாப்ல சூப்பர்வைசர். பொண்ணுக்கு ஸ்கூல்ல இங்கிலீஷ், கன்னடம், ஹிந்தி. தமிழ் கெடையாது. (கன்னடம் படிக்கறத நான் குறை சொல்லல, இந்த ஊர் சோறு திங்கிறோம், படிக்கத்தான் வேணும். இத முன்னாடியே சொல்லிடுறேன், இல்லன்னா கமெண்ட்ல வந்து நிப்பாங்க.)

எங்க கதை எங்க அம்மாகிட்ட இருந்து ஆரம்பிக்குது. சொந்த ஊரு புதுக்கோட்டை பக்கம். அம்மா கல் குவாரில ஜல்லி ஒடைச்சவங்க, பள்ளிக்கூட வாசல் மிதிச்சதில்ல. 1991ல எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் வந்துச்சு, பெரியவங்களுக்கு எழுதப் படிக்க சொல்லிக்குடுக்கறது, அப்ப கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். நான் மூணாவது படிச்சேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பொம்பளைங்க எல்லாம் தெரு விளக்குக்குக் கீழ உக்காருவாங்க, பத்தாவது முடிச்ச ஒரு அக்கா சொல்லிக்குடுக்கும், சம்பளம்லாம் கெடையாது, தொண்டர்தான். அ, ஆவன்னான்னு ஆரம்பிக்க மாட்டாங்க, நேரா வார்த்தைதான். அம்மா என் சிலேட்ட புடுங்கிட்டுப் போயி "பட்டா", "படி"ன்னு எழுதுனது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. சைக்கிளும் அப்பதான் கத்துக்கிட்டாங்க, கேரியர புடிச்சுட்டு பின்னாடி ஓடுனது நான், முட்டிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே டப்பா மருந்து. 1992ல மாவட்டமே முழு எழுத்தறிவு பெற்றதுன்னு அறிவிச்சாங்க. அதுவரைக்கும் குவாரி கூலிக்கு கைநாட்டு வச்சுட்டு இருந்தவங்க அதுக்கப்புறம் தன் பேர எழுதுனாங்க, இனிஷியலோட.

அப்புறம் அந்த ராத்திரி வகுப்பு நின்னுச்சு. படிக்கறதுக்கு வீட்ல என்ன இருக்கு, பஸ் போர்டும் காலண்டரும்தான். பத்து வருசத்துல கையெழுத்து மட்டும் தங்குச்சு, மத்தது எல்லாம் கரைஞ்சு போச்சு. அப்ப எந்த போன் வந்து கெடுத்துச்சு சொல்லுங்க? எழுதிப் போட ஆள் இல்ல, எழுதி வர ஆளும் இல்ல, அவ்ளோதான்.

சரி, உங்க கேள்விக்கு வரேன். 2020 லாக்டவுன்ல அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் குடுத்தேன், பேத்தி மூஞ்சிய பாக்கட்டும்னு. பாப்பா அப்ப மூணாவது. ஃபேமிலி குரூப்ல "அப்பாயி சாப்டியா"ன்னு இங்கிலீஷ் எழுத்துல போடுவா. அம்மா எனக்கு போன் பண்ணி "தம்பி, என்னமோ எறும்பு ஊர்ற மாதிரி அனுப்பிருக்கு, என்ன அது"ன்னாங்க. அதுல இருந்து ரெண்டு பேருமே வாய்ஸுக்கு மாறிட்டாங்க. அம்மா வாய்ஸ் ஒண்ணொண்ணும் அஞ்சு நிமிசம், நடுவுல ஆடு கத்தும், யாரையாச்சும் திட்டுவாங்க, திரும்ப வந்து பேசுவாங்க. 2021ல வாட்ஸ்அப்ல வேகமா ஓட்டுற வசதி வந்துச்சே, அதுல இருந்து பாப்பா அவங்க அப்பாயிய டபுள் ஸ்பீடுல தான் கேக்கும். எனக்கு அது ஒரு மாதிரி இருக்கும், ஆனா நானே கம்பெனி குரூப்ல மேனேஜர் வாய்ஸ அப்படித்தான் கேக்குறேன், எந்த மூஞ்சிய வச்சுட்டு கண்டிக்கறது.

மூணு வருசம் முன்னாடி அம்மாவுக்கு காது போச்சு. குவாரிலயும் அப்புறம் கிரஷர்லயும் இருந்த காது, போகத்தான் செய்யும். மெஷின் வாங்கி மாட்டுனா "கொர்ருங்குது"ன்னு கழட்டி டப்பால போட்டுட்டாங்க. வாய்ஸ் கேக்கல, வீடியோ கால்ல வாய் அசையறத பாத்துட்டு சிரிச்சுட்டே இருப்பாங்க. ஒரு நாள் சாயங்காலம் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. கோடு போட்ட நோட்டுல பென்சில்ல, "எலுதிப் போடு ஆத்தா". ழகரம் இல்ல. பரவால்ல. முப்பது வருசம் கழிச்சு அம்மா எழுதுனத அன்னிக்குத்தான் பாக்குறேன், டீ ஆறிப் போச்சு.

பாப்பாவுக்கு தமிழ்ல எழுத வராது. ஆனா அது கில்லாடி, போன்ல மைக்க அமுக்கி பேசுச்சு, அதுவா தமிழ்ல எழுதிக்கிச்சு. கூகுள் 2017லயே தமிழுக்கு அத குடுத்துட்டாங்க, எனக்குத்தான் தெரியல. ஆக, என் பொண்ணு தன்னால படிக்க முடியாத எழுத்துல அப்பாயிக்கு லெட்டர் போட ஆரம்பிச்சா. அப்பாயி எழுத்துக் கூட்டிப் படிச்சு நோட்டுல பதில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பும். அத நான் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படிச்சுக் காட்டணும்.

ஒரு தடவ பாப்பா "அப்பாயி காது எப்படி இருக்கு"ன்னு பேசிருக்கு. போன் "காடு எப்படி இருக்கு"ன்னு எழுதிருச்சு. இதுக்கு என்ன தெரியும், அப்படியே அனுப்பிருச்சு. மறுநாள் ரெண்டு பக்கம் பதில். மழை இல்ல, கடலை போடல, கருவ மண்டிக் கெடக்கு, ஒங்கப்பனுக்கு ஒரு நாளாச்சும் அந்தக் காட்டப் பத்தி நெனப்பு இருக்கா, பேத்திக்காச்சும் இருக்கே. நான் படிக்க படிக்க பாப்பா முழிக்குது. "நான் காது தானப்பா கேட்டேன்!" அப்புறம் போன எடுத்து து எது, டு எதுன்னு காட்டுனேன். அன்னில இருந்து அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ விரல வச்சு படிச்சுப் பாத்துட்டுதான் அனுப்புது, யாரும் சொல்லல. அசிங்கமா போச்சுங்கற பயம்தான். ஆறு மாசத்துல அப்பாயி நோட்ட என் உதவி இல்லாம படிச்சுருச்சு. இப்பவும் தமிழ் புக்க குடுத்தா தடுமாறும், ஏன்னா அதுக்குத் தெரிஞ்சது அப்பாயி தமிழ், "வந்துச்சு போச்சு" தமிழ். தமிழ் வாத்தியார்கள் மன்னிக்கணும்.

ஒரு வீட்டுக் கதைய வச்சு ஊருக்கே தீர்ப்பு சொல்றியான்னு கேப்பீங்க. சொல்லல சார். நான் ஆராய்ச்சி பண்றவன் இல்ல. யூடியூப் ஷார்ட்ஸ் பாத்து பாத்து நாலு வரி சேந்தாப்ல படிக்க முடியாத பசங்கள எங்க ஷாப்லயே பாக்குறேன், மெஷின் மேல ஒட்டிருக்கற எச்சரிக்கைய கூட படிக்காம "வீடியோ இருக்கா அண்ணே"ங்கறானுங்க. அதையும் மறுக்கல.

ஆனா எழுத்து போயிரும்னு புள்ளைங்கள மட்டும் சொல்றீங்களே, அத நெனச்சாதான் எரியுது. கைநாட்டு அவமானம்னு சொல்லி எங்க அம்மாவ தெரு விளக்குல உக்கார வச்சு எழுத வச்சாங்க. 2020 அக்டோபர்ல ரேஷன் கடைல என்ன வந்துச்சு? மெஷின்ல விரல வை. அதே பெருவிரல்! ஜல்லி ஒடைச்ச கை, ரேகை தேஞ்சு கெடக்கு, மெஷின் எடுக்க மாட்டேங்குது. "நான் கையெழுத்துப் போடுறேன் தம்பி"ன்னு அம்மா சொல்லிருக்காங்க, நாளைக்கு வாங்கன்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்பிருக்காங்க. நூறு நாள் வேலைலயும் 2023ல ஆப்ல போட்டோ எடுத்துத்தான் வருகைப் பதிவுன்னு ஆக்கிட்டாங்க, காலைல ஒண்ணு மதியம் ஒண்ணு. அம்மா பேர எழுதச் சொல்லி இப்ப யாரும் கேக்கறதில்ல. பேத்தி ஒருத்திதான் கேக்குறா. கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னு தெரியும், இத எங்க போய் சொல்றது, இங்க எழுதிட்டேன்.

உங்க பொண்ணுக்கு என்ன பண்றதுன்னு கேட்டா, இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியாத தாத்தா பாட்டி யாராச்சும் இருக்காங்களா பாருங்க. காது கொஞ்சம் மந்தமா இருந்தா ரொம்ப நல்லது.

பி.கு: அம்மா இப்ப போன்லயே டைப் பண்ணணும்னு அடம். கையால 'கெ' எழுதறப்ப கொம்பு போட்டுட்டுதான க போடுவோம், போன்ல க தட்டிட்டு அப்புறம் கொம்பு தட்டணும். அம்மா பழக்க தோசத்துல கொம்ப முதல்ல தட்டுறாங்க, அது பக்கத்துல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் வருது, "தம்பி முட்டை விழுகுது"ங்கறாங்க. கொம்ப முதல்ல தட்டுற மாதிரி கீபோர்டு ஆப் யாருக்காவது தெரிஞ்சா கமெண்ட்ல சொல்லுங்க, எழுத்து பெருசா இருக்கணும்.