காக்கா மேல பாசமா?

வணக்கம் சார். எங்க வீட்டு வேப்பமரத்துல காக்கா கூடு கட்டியிருக்கு. மாடிக்குப் போனாலே தலையில கொத்த வருது, வடாம் காய வைக்க முடியல. பக்கத்து வீட்டுல கூட்டைக் கலைச்சு விடுங்கன்னு சொல்றாங்க. ஆனா தினம் பாத்துப் பாத்து எனக்கு அதுங்க மேல பாசம் வந்துடுச்சு. வீட்டுல சிரிக்கிறாங்க. என்ன பண்றது?
ஒரு வாசகி, தாம்பரம்

வணக்கம்மா,

கூட்டைக் கலைக்காதீங்க. முட்டையோ குஞ்சோ இருக்கறதாலதான் கொத்த வருது, குஞ்சு பொரிச்சு மூணு நாலு வாரத்துல பறக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் இந்தக் கோவமும் அடங்கிடும். அதுவரைக்கும் குடை பிடிச்சுட்டு மாடிக்குப் போங்க, வடாத்து மேல பழைய கொசுவலையை விரிச்சு மூலைக்கு ஒரு செங்கல் வைங்க.

பாசத்துக்கு ஏன் கூச்சப்படணும்? வருஷம் பூரா நம்ம கண்ணு முன்னாடியே குடும்பம் நடத்துற பறவை அது. மத்தியான வெயில்ல ஜோடியா உக்காந்து, ஒண்ணு தலையைக் குனிய இன்னொண்ணு அந்த சாம்பல் கழுத்தை அலகால கோதி விடும் பாருங்க, அதைப் பாத்தவங்க யாரும் கல்லெடுக்க மாட்டாங்கன்னு நான் நம்பறேன்.

பக்கத்துல ஆண் குயில் கூவுதான்னும் கவனிங்க. காக்கா அதைத் துரத்திட்டுப் போற நேரத்துல பெண் குயில் நைஸா வந்து முட்டையிட்டுடும், அது காக்கா முட்டைக்கு முன்னாடியே பொரிஞ்சிடும். சில கூட்டுல ரெண்டு ஜாதிக் குஞ்சும் சேர்ந்தே வளரும். நம்ம ஊர்ல குயில் சத்தம் கேக்குதுன்னா அதுல பெரும்பங்கு காக்கா ஊட்டின சாப்பாடுதான், ஆனா குயிலைக் கொண்டாடற நாம காக்காவை விரட்டறோம், இது எனக்கு ரொம்ப வருத்தம்.

சட்டமே அப்படித்தான் இருந்துச்சு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல எலி, பழந்தின்னி வௌவாலோட காக்காவையும் தொல்லை தர்ற உயிரினம்னு தனிப் பட்டியல்ல போட்டிருந்தாங்க, 2022 திருத்தத்துலதான் அந்தப் பட்டியலை எடுத்தாங்க.

காக்கா மத்த பறவைங்களோட முட்டை, குஞ்சைத் தூக்கறது உண்மைதான், கென்யா கடற்கரையில அது வெளியூர்லேர்ந்து போய் பெருகினதால உள்ளூர் பறவைங்களுக்கு பெரிய ஆபத்து, 2024-க்குள்ள பத்து லட்சம் காக்காவை ஒழிக்கப்போறதா அந்த அரசு அறிவிச்சுது. அங்க அது வந்தேறி, ஆனா இங்க இது அதோட சொந்த ஊரு. நாம தெருவுல கொட்டற குப்பையாலதான் இவ்வளவு பெருகியிருக்கு, அதை குறைச்சா எண்ணிக்கையும் தானா குறையும்.

பக்கத்து வீட்டுக்காரங்களையும் ஒருநாள் சாயங்காலம் உங்க மாடிக்கு கூப்பிட்டு ஊட்டறதைக் காட்டுங்க. காக்கா ஊட்டற குஞ்சு ஒண்ணு மட்டும் வால் நீளமா தெரிஞ்சா எனக்கு உடனே எழுதுங்க, அது குயிலா இருக்கும்.