நீக்கிய இயங்குதளத்தின் பெயர் மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தது. தனி பார்ட்டிஷனில் விண்டோஸ் 11 போட்டேன், அப்புறம் உபுண்டுவையும் போட்டுப் பார்த்தேன். இப்போது 11 மட்டும் போதும் என்று மற்ற இரண்டு பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டேன். ஆனால் ஆன் செய்தால் நீலத் திரையில் விண்டோஸ் 10 பெயர் வந்து 30 நொடி நிற்கிறது. எஃப்12 அழுத்தினால் அங்கே உபுண்டு பெயரும் இருக்கிறது. இவற்றை எப்படி எடுப்பது?

பதில்: நீங்கள் அழித்தது இயங்குதளம் இருந்த இடத்தை. அதன் பெயர் எழுதியிருப்பது வேறு இடத்தில். வீட்டைக் காலி செய்தாலும் வாசல் பலகை தானாகக் கழன்று விழாது இல்லையா, அதுதான் இங்கேயும். உங்கள் கணினியில் அப்படி இரண்டு பலகைகள் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு இடத்தில். எந்த மெனுவை யார் காட்டுகிறார்கள் என்று தெரியாமல் கண்டதை அழிக்க ஆரம்பிப்பதால்தான் பலருடைய கணினி கிளம்பாமல் போகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீலத் திரை மெனு விண்டோஸ் பூட் மேனேஜருடையது, அதாவது எந்த விண்டோஸைத் தொடங்குவது என்று கேட்கும் நிரலுடையது. எக்ஸ்பி காலத்தில் இந்தப் பட்டியல் பூட் டாட் ஐஎன்ஐ என்ற சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இருந்தது, நோட்பேடில் திறந்து ஒரு வரியை எடுத்தால் முடிந்தது. விஸ்டாவிலிருந்து அது பிசிடி என்ற தரவுத்தொகுப்பாக மாறிவிட்டது, நோட்பேடில் திறக்க முடியாது. எஃப்12 மெனு மதர்போர்டுடையது. அங்கே வரும் பெயர்கள் மதர்போர்டின் சொந்த நினைவகத்தில் இருக்கின்றன, அதனால் ஹார்ட் டிஸ்க்கையே ஃபார்மட் செய்தாலும் சில சமயம் அப்படியே இருக்கும்.

முதலில் நீலத் திரையைச் சரிசெய்யலாம், அது சுலபம். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் என்று டைப் செய்யுங்கள். பூட் என்ற டேபில் பட்டியல் இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குப் பக்கத்தில் 'கரன்ட் ஓஎஸ்' என்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். 'டிஃபால்ட் ஓஎஸ்' என்பதும் அதே வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து செட் ஆஸ் டிஃபால்ட் கொடுத்துவிட்டு, பிறகு பழைய வரியைத் தேர்ந்தெடுத்து டெலீட், அப்ளை, ரீஸ்டார்ட். பட்டியலில் ஒன்றே ஒன்று மிஞ்சினால் மெனுவே வராது, அந்த 30 நொடியும் போய்விடும்.

பழையதும் புதியதும் ஒரே பெயரில் இருந்து குழப்பினால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பிசிடிஎடிட் என்று கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் டிவைஸ் என்று ஒன்று இருக்கும், பார்ட்டிஷன் அழிந்துபோன வரியில் அந்த இடத்தில் 'அன்நோன்' என்று காட்டும். அதுதான் செத்த வரி. அதை நீக்கும் முன் தயவுசெய்து பிசிடிஎடிட்டோடு ஸ்லாஷ் எக்ஸ்போர்ட் சேர்த்துக் கொடுத்து, பிசிடியின் நகல் ஒன்றை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். ஒரு நிமிட வேலைதான், தவறு நடந்தால் ஸ்லாஷ் இம்போர்ட் கொடுத்துப் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். அப்புறம் ஸ்லாஷ் டெலீட் கொடுத்து, அந்த வரியின் நீளமான அடையாள எண்ணை நெளிவு அடைப்புக்குறிகளோடு சேர்த்துக் கொடுங்கள். பவர்ஷெல்லில் செய்பவர்கள் அந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் பிழை வரும்.

உபுண்டு விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். யூஇஎஃப்ஐ கணினிகளில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, மதர்போர்டின் தொடக்க மென்பொருள்தான் யூஇஎஃப்ஐ) டிரைவ் எழுத்தே இல்லாத, இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற ஒரு சின்ன பார்ட்டிஷன் மறைந்திருக்கும், விண்டோஸ் தானாக உண்டாக்கியது என்றால் பெரும்பாலும் 100 எம்பி. எல்லா இயங்குதளங்களும் தங்கள் தொடக்கக் கோப்புகளை அங்கேதான் வைக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் மவுன்ட்வால், எஸ் கோலன், ஸ்லாஷ் எஸ் என்று கொடுத்தால் அது எஸ் டிரைவாகத் திறக்கும். உள்ளே இஎஃப்ஐ ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று இருக்கும். உபுண்டு ஃபோல்டரை மட்டும் ஆர்டி கட்டளையால் நீக்குங்கள், மற்ற இரண்டில் கை வைக்கவே கூடாது. பிறகு பிசிடிஎடிட் ஸ்லாஷ் எனம் ஃபர்ம்வேர் என்று கொடுத்தால் மதர்போர்டின் பட்டியல் வரும், அதில் உபுண்டு வரியின் அடையாள எண்ணை எடுத்து முன்பு போலவே டெலீட் செய்யுங்கள். ஃபோல்டரை விட்டுவிட்டு வரியை மட்டும் நீக்கினால், சில மதர்போர்டுகள் அடுத்த முறை ஆன் ஆகும்போது அந்தக் கோப்பைக் கண்டுபிடித்து மறுபடி சேர்த்துக்கொள்ளும். 'நீக்க நீக்க வருகிறது' என்று பலர் அலுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் தொடக்க அமைப்பில் மாற்றம் தெரிந்தவுடன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். வேலையை ஆரம்பிக்கும் முன்பே அதைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் செய்ததும் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது. விண்டோஸ் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் கோப்புகளும் பத்திரமாகவே இருக்கும். கிரப் என்பது லினக்ஸின் தொடக்க மெனுவைக் காட்டும் நிரல்; அது பாதி ஓரிடத்திலும் பாதி லினக்ஸ் பார்ட்டிஷனிலும் இருந்தது, நீங்கள் அழித்தது இரண்டாவது பாதியை. யூஇஎஃப்ஐ கணினி என்றால் மதர்போர்டின் செட்டப் திரைக்குள் போய் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலில் வையுங்கள், விண்டோஸ் வந்துவிடும், மீதியை மேலே சொன்னபடி நீக்கிக்கொள்ளலாம். பழைய பயாஸ் முறையில் கிரப்பின் தொடக்கம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் இருக்கும், அதற்கு விண்டோஸ் இன்ஸ்டால் யூஎஸ்பியில் கிளம்பி, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போய் பூட்ரெக் ஸ்லாஷ் ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மட்டும் வைத்திருக்கிறேன். கிரப் மெனுவில் விண்டோஸ் வரி போகவில்லை.

பதில்: டெர்மினலில் சூடோ அப்டேட் கிரப் கொடுங்கள், அப்டேட், கிரப் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் சிறு கோடு. அதன் பிறகும் வருகிறது என்றால் நான் மேலே சொன்ன சின்ன பார்ட்டிஷனில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர் மிச்சமிருக்கிறது, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ் புரோபர் என்ற கருவி அதைப் பார்த்துத்தான் விண்டோஸ் இருப்பதாக நினைக்கிறது. விண்டோஸ் உண்மையிலேயே எந்த டிஸ்க்கிலும் இல்லை என்றால் அந்த ஃபோல்டரை நீக்கிவிட்டு மறுபடி அப்டேட் செய்யுங்கள். மதர்போர்டு பட்டியலில் இருப்பதை இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கருவியால் எண்ணைப் பார்த்து நீக்கலாம். கிரப் டாட் சிஎஃப்ஜி கோப்பைக் கையால் திருத்த மட்டும் வேண்டாம், அடுத்த கெர்னல் அப்டேட்டில் உங்கள் திருத்தம் காணாமல் போய்விடும்.

கேள்வி: புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டு நன்றாக ஓடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் உள்ள விண்டோஸை ஃபார்மட் செய்யலாமா?

பதில்: கொஞ்சம் நில்லுங்கள். பழைய டிஸ்க் பொருத்தியிருக்கும்போதே புதியதில் விண்டோஸ் போட்டிருந்தால், தொடக்கக் கோப்புகள் இன்னும் பழைய டிஸ்க்கிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். நானும் ஒருமுறை இதைப் பார்க்காமல் பழையதை ஃபார்மட் செய்துவிட்டு ஒரு மதியம் முழுவதும் மீட்கப் போராடியிருக்கிறேன். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து 'சிஸ்டம்' என்ற சொல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பாருங்கள். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது: விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனுக்குத்தான் 'பூட்' என்று பெயர், தொடக்கக் கோப்புகள் இருப்பது 'சிஸ்டம்' என்று எழுதியிருக்கும் பார்ட்டிஷனில். அது பழைய டிஸ்க்கில் இருந்தால், எஸ்எஸ்டியில் ஒரு சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டாக்கி அதற்கு ஒரு டிரைவ் எழுத்தும் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் தொடக்கக் கோப்புகளை அங்கே எழுதுங்கள். பிறகு கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். விண்டோஸ் வந்தால் பழையதைத் திரும்ப மாட்டி தாராளமாக ஃபார்மட் செய்யலாம்.