எரிந்த மோட்டரோடு வந்து முழுக்காசும் கேட்கிறார்: கடைக்காரர் என்ன செய்யலாம்?

கேள்வி: மல்லாவியில் மின்சாமானும் இரும்புச் சாமானும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒருவர் தோட்டக் கிணற்றுக்கு ஒரு எச்.பி. நீர்மோட்டர் வாங்கினார். ஒரு வருட உத்தரவாத அட்டை கொடுத்தேன். போன கிழமை கரிந்த மணத்தோடு அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "முழுக்காசும் தாங்கோ" என்று நிற்கிறார். தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுவாராம், பேஸ்புக்கிலும் போடுவாராம். என் பில்லில் "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. தெரிந்த ஒருவர், "கந்தோரில எனக்கு ஆள் இருக்கு, கொஞ்சம் செலவழிச்சால் முடிச்சுத் தாறன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்தக் கடைசி ஆளை முதலில் அனுப்பிவிடுங்கள். முறைப்பாடே இன்னும் போகவில்லை. எதை முடித்துத் தரப்போகிறார்? காணிப் பத்திரம், வீட்டுத்திட்டம், மின் இணைப்பு என்று சனம் கந்தோர் கந்தோராக அலைந்த காலத்தில் வன்னியில் முளைத்த கூட்டம் இது. இப்போது கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. இவர்கள் பெயர் சொல்லும் உத்தியோகத்தருக்கு இவர்களைத் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். அப்படிக் கேட்டு வருபவரைப் பற்றிச் சொல்ல இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஒரு தடவை கொடுத்துப் பழக்கினீர்களோ, அடுத்த வாடிக்கையாளர் குரலை உயர்த்தும்போதும் அதே ஆள் வாசலில் நிற்பார்.

முறைப்பாடு என்றதும் இவ்வளவு பயம் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், சாமான் கைக்கு வந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அதிகார சபை விசாரிக்கும், உங்கள் பக்கத்தையும் கேட்கும். உத்தரவாதத்துக்குப் பொருந்தாத சாமான் என்று கண்டால் மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு, நட்டஈடு கொடு என்று கட்டளையிடலாம். கத்திக் கேட்டவருக்குக் கொடு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. "இன்னும் ஒரு மாதம் இழுத்தடி, நாள் கடந்திடும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் கொடுத்த ஒரு வருட உத்தரவாதம் அப்போதும் உங்கள் கழுத்தில்தான் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். மோட்டர் எரிந்ததா இல்லையா என்பதல்ல, ஏன் எரிந்தது என்பதுதான் கேள்வி. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் சாரம் இவ்வளவுதான்: விற்கும்போதே உள்ளே பழுதிருந்தால் விற்றவர் பொறுப்பு. பாவித்த விதத்தால் பழுதானால் வாங்கியவர் பொறுப்பு. மனம் மாறியதற்காகத் திருப்பி எடுக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கட்டிப்போன சேலையை அடுத்த நாள் மடித்துக் கொண்டுவந்து "நிறம் பிடிக்கேல்ல" என்பவருக்கு, முடியாது என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால், "கொம்பனியிட்டப் போய்க் கேளுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் காசு கொடுத்தது உங்களிடம்.

காரணத்தை மோட்டரே சொல்லும். கழற்றுவதற்கு முன் உங்களுக்குச் சாமான் தந்த நிறுவனத்துக்குப் படம் அனுப்பி, "திறந்து பார்க்கிறோம்" என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கேட்காமல் திறந்தால் உத்தரவாதம் போய்விட்டது என்பார்கள். பிறகு வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு மோட்டருக்குச் செம்புச் சுருள் சுற்றும், வைண்டிங் செய்யும் ஒருவரிடம் போங்கள். வாடிக்கையாளர் இல்லாமல் திறக்க வேண்டாம், பிறகு நீங்கள்தான் எரித்தீர்கள் என்பார். சுருள் முழுவதும் ஒரே சீராகக் கறுத்துப்போயிருந்தால், பெரும்பாலும் வோல்டேஜ் குறைவு அல்லது மிஞ்சிய பாரம். வீட்டு மீற்றரிலிருந்து தோட்டக் கிணறு வரைக்கும் மெல்லிய வயரை இழுத்து, பின்னேரம் ஊரே மோட்டர் போடும் நேரத்தில் ஓடவிட்டால் இதுதான் நடக்கும். சீல் வெந்து, தண்ணீரைத் தள்ளும் பிளாஸ்டிக் சக்கரமான இம்பெல்லர் உருகி நெளிந்திருந்தால் தண்ணீரில்லாமல் ஓடியிருக்கிறது. ஆடி மாதத்தில் கிணறு வற்றி, குழாயின் அடியில் உள்ள புட்வால்வு வெளியே தெரிய நின்றிருக்கும். சுருளில் ஓரிடம் மட்டும் உருகி, மற்ற இடமெல்லாம் செம்பு பளிச்சென்று இருந்தால் பழுது உள்ளேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் வாக்குவாதம் வேண்டாம், மாற்றிக் கொடுங்கள். எதுவாக இருந்தாலும் பார்த்தவர் இரண்டு வரி எழுதி, தொடர் இலக்கத்தையும் திகதியையும் போட்டுக் கையெழுத்து வைக்கட்டும். அந்தத் துண்டுக் கடதாசிதான் விசாரணையில் உங்களுக்காகப் பேசும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எங்கள் கடைக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான் என்பதால் விரித்துச் சொல்கிறேன். வாங்க வந்தவர் என்ன தேவைக்கு என்று சொல்லி, உங்கள் வார்த்தையை நம்பி வாங்கியிருந்தால், அந்தத் தேவைக்குப் பொருந்தாத சாமானைக் கொடுத்த பிழை உங்களுடையது. மோட்டரில் ஒரு பழுதும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். தரையில் வைத்து உறிஞ்சும் சாதாரண மோட்டர் ஏறக்குறைய 25 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை இழுக்காது. நடைமுறையில் காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் தூக்கும். எச்.பி.யைக் கூட்டினாலும் இதை மாற்ற முடியாது. அவர் "அண்ணை, கோடையில தண்ணி 35 அடிக்குப் போயிடும், இது காணுமோ?" என்று கேட்டு, நீங்கள் "ஓம், தாராளமாய்க் காணும்" என்று சொல்லியிருந்தால், அந்த மோட்டர் தண்ணீரைக் காணாமலே சுற்றிச் சுற்றி எரிந்திருக்கும். பார்க்கும்போது தண்ணீரில்லாமல் ஓட்டிய அடையாளம்தான் இருக்கும். ஆனால் அங்கே தவறு உங்களுடையது. அவருக்குத் தேவைப்பட்டது கிணற்றுக்குள் இறக்கும் மோட்டர், அல்லது கிணற்றுக்குள் படி கட்டி மோட்டரைக் கீழே வைப்பது. ஆகவே அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நேர்மையாக நினைத்துப் பாருங்கள். பெடியன் ஒருவன் விற்றிருந்தால் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் சொன்னதும் நீங்கள் சொன்னதுதான். அவர் ஆழத்தைச் சொல்லாமல், மாதிரியின் பெயரைச் சொல்லி "அதைத் தாங்கோ" என்று கேட்டு வாங்கியிருந்தால் கதை வேறு. இனிமேல் பில்லிலேயே எழுதுங்கள்: "கிணற்று ஆழம் வாங்குபவர் சொன்னபடி இத்தனை அடி." ஒரு நிமிட வேலை.

பழுது உள்ளேயே இருந்தது என்று தெரிந்தால், நட்டத்தை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? உங்களுக்கு விற்றவரிடம் அதே பொருள் விற்பனைச் சட்டத்தின்படி கேட்கலாம், அவர் பில் தந்திருந்தால். வானில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கொப்பியில் கிழித்த தாளில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம் வாங்கியிருந்தால் யாரிடம் போவீர்கள்? இன்னொரு பொறியும் உண்டு. விற்பனைப் பிரதிநிதி சிரித்த முகத்தோடு வருவார். "தாங்கோ அண்ணை, கொழும்பில காட்டி மாத்திக்கொண்டு வாறன்" என்று எரிந்த மோட்டரைத் தூக்கி ஏற்றுவார். அடுத்த மாதம் அந்த வழித்தடத்துக்கு வேறொரு பிரதிநிதி வருவார். மோட்டரும் இல்லை, சாட்சியும் இல்லை, வாடிக்கையாளர் மட்டும் கடைவாசலில். தொடர் இலக்கம், திகதி, பிரதிநிதியின் கையெழுத்து, நிறுவன முத்திரை நான்கும் உள்ள மீளளிப்புத் துண்டு தராமல் ஒரு நட்டையும் வெளியே விடாதீர்கள்.

உத்தரவாத அட்டை ஆங்கிலத்தில் வருகிறது. திருத்தும் நிலையம் பல கொம்பனிகளுக்குக் கொழும்பில் மட்டும்தான். பக்கத்துக் கிளிநொச்சியிலிருந்தே 300 கிலோமீற்றருக்கு மேல். பொதியை பஸ்ஸில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் தொலைபேசியோடு மல்லாட வேண்டியது மல்லாவிக் கடைக்காரர். தோட்டம் காய்ந்துபோக நிற்கும் விவசாயி கத்துவதும் இவரைப் பார்த்துத்தான். வடக்கில் விற்க முடிந்த நிறுவனங்களுக்கு வடக்கில் திருத்திக்கொடுக்கவும் முடிய வேண்டும். அவர்களைக் கேட்க ஆளில்லாமல், விலைப்பட்டியல் தொங்கவிடாத சில்லறைக் கடையை மட்டும் அதிகார சபை பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு விளங்கவேயில்லை.

பேஸ்புக் விஷயத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். சோதித்த கடதாசி இருந்தால் அதைப் படமெடுத்து, "நீங்களும் நின்று பார்த்தது இதுதான்" என்று ஒரு தடவை மரியாதையாகப் பதில் போடுங்கள், போதும். சமரசம் வராவிட்டால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

பில்லில் உள்ள அந்த வரி பழுதான சாமானுக்குக் கவசமாகாது. அதைக் காட்டி அதிகார சபையின் விசாரணையில் தப்ப முடியாது. நேர்மையான வாடிக்கையாளரை ஆத்திரப்படுத்துவதுதான் அதனால் கண்ட பலன். அடுத்த பில் புத்தகம் அடிக்கும்போது அதை எடுத்துவிட்டு, "பழுதிருந்தால் பில்லுடனும் உத்தரவாத அட்டையுடனும் கொண்டுவரவும். சோதித்த பின் திருத்தியோ மாற்றியோ தரப்படும். தண்ணீரின்றி ஓடியதாலும் வோல்டேஜ் குறைவாலும் ஏற்படும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை" என்று போடுங்கள். சிங்கள வாடிக்கையாளரும் வருகிறார்கள் என்றால் அதையே சிங்களத்திலும் அடியுங்கள். விற்கும்போது அந்த வரிகளை வாயாலும் சொல்லி, கீழே அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.