மோட்டார் மிஷினும் முப்பது நிமிட நடையும்

கேள்வி: வயது 47. தையல் கடை வைத்திருக்கிறேன். எச்.ஐ.வி.க்காக 14 வருடமாக ஏ.ஆர்.டி. கூட்டு மாத்திரை எடுக்கிறேன். வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) 'கண்டறிய முடியவில்லை' என்றே வருகிறது. ஆனால் இரண்டு வருடத்தில் 8 கிலோ ஏறிவிட்டது. மாத்திரை வாங்க என்னோடு வரும் நண்பருக்குப் போன மாதம் ஹார்ட் அட்டாக். நான் நடைப்பயிற்சி போகலாமா? "உடம்பை அலட்டிக்காதீங்க, இருக்கிற தெம்பும் போயிடும்" என்கிறார் மனைவி.
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: தாராளமாகப் போகலாம். உங்கள் மனைவி சொல்வது ஒரு காலத்தில் நியாயமாக இருந்த பேச்சுதான். 2004இல் தாம்பரம் அரசு மருத்துவமனையில் இலவசக் கூட்டு மருந்து தர ஆரம்பித்தபோது, பலர் எலும்பும் தோலுமாகத்தான் வந்தார்கள். அன்றைக்கு ஓய்வு தேவைப்பட்டது. உங்கள் கதை வேறு. வைரஸ் அடங்கிவிட்டது, இனி பார்க்க வேண்டியது இதயத்தை.

வைரஸ் அடங்கினாலும் உள்ளே ஒரு கனல் புகைந்துகொண்டேதான் இருக்கும். அந்த அழற்சி ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து, கொழுப்பு படிய வழிசெய்யும். அதனால் மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பீடி, சிகரெட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். எடை ஏறியதில், ஏ.ஆர்.டி.யில் சேரும் டோலுடெக்ராவிர் என்ற மருந்துக்கும் பங்கு இருக்கலாம். அதற்காக ஒரு வேளைகூட நிறுத்திவிடாதீர்கள்.

மிதமான பயிற்சியால் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் குறையாது, வைரஸும் ஏறாது. இதை வீட்டிலும் சொல்லுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா? உங்கள் மிஷின் காலால் மிதிப்பதா, மோட்டாரா? மோட்டார்தான் என்றால், முன்பு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த கால் இப்போது சும்மா இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2020இல் வந்த அதன் வழிகாட்டலில் எச்.ஐ.வி. உள்ளவர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். தினம் 30 நிமிடம், ஐந்து நாள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அப்புறம், வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். 'ஏன் நடக்கிறீர்கள்' என்று யாராவது கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம். காலையில் நடப்பவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காக வந்தவர்கள்தான்.

ஆரம்பிக்கும் முன் பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்றும் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியா உட்பட 12 நாடுகளில் எச்.ஐ.வி. உள்ள 7,769 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. பிட்டாவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைவு. ஆனால் மெடிக்கலில் நீங்களாகவே வாங்காதீர்கள். சில ஸ்டாட்டின்கள் சில ஏ.ஆர்.டி. மருந்துகளோடு ஒத்துப்போகாது.

நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை வந்தால் 'கேஸ்' என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108க்கு அழையுங்கள்.